மாயூரத்து இசையாசான்: கோபாலகிருஷ்ண பாரதியாரின் தொழிலும் வாழ்வும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழக இசை வரலாறு பெரும்பாலும் அரசவைகளையும் சமஸ்தானங்களையும் ஆதீனங்களையும் நடுவாக வைத்தே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த அவையில் எவர் இருந்தார், எந்த மன்னர் எவருக்குத் தோடா அணிவித்தார் என்பனவே அவ்வரலாற்றின் பெரும்பகுதி. இந்தச் சட்டகத்துக்குள் அடங்காத ஒருவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் எந்த அவையிலும் வித்துவானாக அமரவில்லை. கதை பாடியும், கேட்டு வந்தவர்களுக்குப் பாடல் சொல்லிக்கொடுத்தும் காவிரிக் கரை ஊர்களில் காலம் கழித்தார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யின் ஆசிரியர் என்ற அளவில் அவரை ஆராய்ந்தவர் பலர். அந்நூலின் மொழியும் வடிவமும் அவர் மேற்கொண்ட தொழிலிலிருந்தே பிறந்தவை என்பது போதிய அளவு வலியுறுத்தப்படவில்லை. இலக்கணப் பிழையுடையது என்று அக்காலப் புலவர் ஒதுக்க முற்பட்ட ஒரு நூல் எவ்வாறு தமிழ்நாடெங்கும் பாடப்பட்டது என்ற வினாவுக்கு விடை, அவர் வாழ்ந்த முறையிலேயே உள்ளது.

பிறப்பும் பயிற்சியும்

பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், இசைப் பயிற்சி வழிவழியாக வந்த அந்தணக் குடும்பத்தில் 1810ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தார். முடிகொண்டான் என்ற ஊருடனும் அக்குடும்பத்துக்குத் தொடர்பு உண்டு. இளமையிலேயே வீட்டுப் பற்று நீங்கிய அவர் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. மாயூரத்தில் கோவிந்த யதி என்ற துறவியிடம் வேதாந்தம் கேட்டார். அத்வைதப் பயிற்சியும் சிவபக்தியும் ஒன்றையொன்று மறுக்காமல் அவரிடம் இணைந்திருந்தன. சிதம்பரத்துக் கூத்தனையே பாடிய அவர் தம் பாடல்களில் கோபாலகிருஷ்ணன், பாலகிருஷ்ணன் என்று வைணவப் பெயரை முத்திரையாக வைத்ததும் அந்த இணைவுக்குப் பொருத்தமாகவே உள்ளது.

இசையில் அவருக்குப் பள்ளியாக அமைந்த ஊர் திருவிடைமருதூர். 1798இல் தஞ்சை அரியணையை இழந்த அமரசிம்மர் அவ்வூரில் வந்து தங்கினார். அவரும் அவருக்குப் பின் அவர் மகன் பிரதாபசிம்மரும் ஆட்சி இல்லாமலே ஓர் அவையை நடத்தினர். நாடு போன பின்னும் பாட்டு நிலைத்திருந்த அவை அது. பொப்பிலி கேசவையாவிடம் கனமார்க்கம் பயின்ற கனம் கிருஷ்ணையர் அங்கே இருந்தார். இந்துஸ்தானி இசையில் வல்ல இராமதாசர் என்பவரும் இருந்தார். பாரதியார் இவ்வவையில் உத்தியோகம் பெறவில்லை. கேட்டும் பழகியும் கற்றவர் அவர். கிருஷ்ணையரிடமிருந்து பதத்தின் நிதானத்தையும் சொல்லுக்கு இடங்கொடுத்து இராகத்தை நிறுத்தும் முறையையும், இராமதாசரிடமிருந்து வடநாட்டு இசையின் சாயல்களையும் அவர் பெற்றார். நாபியிலிருந்து எழும் முழுக்குரலில் பாடும் கனமார்க்கத்தைப் பின்பற்றக் கடுமையான உடற்பயிற்சி வேண்டும். பாரதியார் கிருஷ்ணையரின் மார்க்கத்தைவிட அவருடைய தமிழ்ப் பதங்களின் கட்டமைப்பையே மிகுதியாகத் தமதாக்கிக்கொண்டார் என்று கொள்ள அவருடைய கீர்த்தனைகள் இடந்தருகின்றன.

திருவையாற்றில் தியாகராசரை அவர் கண்டதாக வழங்கும் செய்தி இங்கே நினைக்கத்தக்கது. தியாகராசரின் மாணாக்கர்கள் ஆபோகி இராகத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். வந்தவர் யார் என அறிந்த தியாகராசர், ஆபோகியில் ஏதேனும் இயற்றியது உண்டா என வினவினார். அதுவரை இல்லை என்ற பாரதியார் மறுநாளே சிதம்பரத்து இறைவன்மேல் ஆபோகியில் ஒரு கீர்த்தனை இயற்றி வந்து பாடினார். இன்றும் மேடைகளில் கேட்கப்படும் ஆபோகிக் கீர்த்தனை அதுவே என்பது மரபு. தியாகராசர் மறைந்தது 1847. பாரதியார் தம் நாற்பதாம் வயதை எட்டுமுன்பே திருவையாறு வரை பெயர் தெரிந்தவராக இருந்தார் என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

கதை பாடும் தொழில்

பாரதியார் நெடுங்காலம் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் அவ்வூர்ச் செல்வரின் ஆதரவில் வாழ்ந்தார். ஆதரவு என்பது உணவும் உறைவிடமும். சமஸ்தான மானியம் போன்ற நிலையான ஏற்பாடு அன்று. கதாகாலட்சேபம், பசனை, தனித்துப் பாடுதல் ஆகியவற்றின் வழியாகவே அவர் மக்களிடம் சென்றார்.

கதாகாலட்சேபம் நடக்கும் முறையைச் சற்று விரிவாக நோக்குவது அவர் நூலைப் புரிந்துகொள்ள உதவும். திருமண வீடு, பசனை மடம், கோயில் மண்டபம், மிராசுதார் வீட்டுத் திண்ணை என எங்கும் அது நடைபெறும். இரவு உணவுக்குப் பின் தொடங்கி நெடுநேரம் நீளும். ஒரு சரித்திரம் பல இரவுகள் தொடர்வதும் உண்டு. கேட்போர் பலதரத்தார். ஏட்டுக் கல்வி உடையோரும், பெண்களும் சிறுவர்களும், தெருக்கோடியில் நின்று கேட்கும் உழைப்பாளிகளும் அவர்களுள் அடங்குவர். ஒரு விருத்தத்தை நிறுத்திப் பொருள் விரிப்பதற்குள் கூட்டம் சோர்ந்துவிடலாம். உடனே மெட்டு மாற வேண்டும். நடை மாற வேண்டும். உரையாடல் வர வேண்டும். கூட்டத்தின் முகத்தைப் பார்த்தே பாடுபவர் அடுத்த அடியை எடுக்கிறார். பெறுவது அன்றைய சம்மானம் மட்டுமே. கேட்டவர் மறுமுறை அழைத்தால்தான் தொழில் நிலைக்கும்.

இத்தொழிலின் தேவைகள் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யின் ஒவ்வோர் உறுப்பிலும் தெரிகின்றன. கீர்த்தனைகளுக்கிடையே விருத்தம், கண்ணி, நொண்டிச்சிந்து, தண்டகம், இருசொல் அலங்காரம், சவாயி என வடிவங்கள் அடுத்தடுத்து மாறுகின்றன. சீகாழி அருணாசலக் கவிராயரின் ‘இராமநாடகக் கீர்த்தனை’ இதற்கு முன்மாதிரி என்பது தெளிவு. ஆயினும் அருணாசலக் கவிராயர் கம்பனின் கதைப்போக்கையே பெரிதும் தழுவிச் சென்றார். பாரதியாரோ தமக்குக் கிடைத்த மூலத்தைப் பெருமளவு மாற்றினார்.

சேக்கிழார் திருநாளைப்போவார் வரலாற்றை 37 செய்யுள்களில் பாடி முடிக்கிறார். அங்கே ஆதனூர் நந்தனார் யாருக்கும் அடிமை அல்லர். தம் குலத்துக்குரிய மானிய நிலத்தைக் கொண்டு வாழ்ந்து, கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்துவந்தவர். அதாவது, கோயிலின் இசைக்குக் கருவி தந்தவர். அந்த இசை ஒலிக்கும் இடத்துக்குள் செல்ல முடியாதவர். தொழில்முறை இசைவாணர் ஒருவர் இக்கதையால் ஈர்க்கப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் பாரதியார் அந்த நந்தனாரை அப்படியே விட்டுவிடவில்லை. ஒரு வேதியரின் பண்ணையில் கட்டுண்ட ஆளாக அவரை ஆக்கினார். சிதம்பரம் செல்ல விடைகேட்கும் பண்ணையாள், மறுக்கும் ஆண்டை, ஏளனம் செய்தும் அஞ்சியும் பேசும் சேரிப் பெரியவர்கள், ஒரே இரவில் விளைந்து நிற்கும் 40 வேலி நிலம், இறுதியில் நந்தனின் காலில் விழும் ஆண்டை ஆகிய யாவும் பாரதியாரின் படைப்பு. இவற்றுக்குப் பெரியபுராணத்தில் இடமில்லை. காவிரிப் படுகையின் மிராசுதார் வீடுகளில் உண்டு, அவர்கள் திண்ணைகளில் பாடி வாழ்ந்தவர், அந்த வீடுகளின் கொல்லைப்புறத்தில் பண்ணையாட்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்ணாரக் கண்டிருந்தார். அடிமைத்தனத்துக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கிய சட்டம் 1843இல் வந்தது. அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்தது. நந்தனார் சரித்திரம் முதலில் அச்சேறியது 1861இல். சட்டத்துக்கும் வயலுக்கும் இடைப்பட்ட தொலைவு மிகப் பெரிதாக இருந்த காலத்தில், தமக்குச் சோறிட்ட வகுப்பாரின் முன்னிலையிலேயே ஆண்டையைக் குற்றவாளியாக நிறுத்திக் காட்டும் கதையைப் பாரதியார் பாடினார்.

இதனை அளவுக்கு மீறி உயர்த்திச் சொல்லுதலும் பொருந்தாது. சிதம்பரத்தில் நந்தனார் தீயினுட் புகுந்து மறையவர் வடிவம் பெற்ற பின்னரே கோயிலுக்குள் செல்கிறார். அந்த முடிவைப் பாரதியார் மாற்றவில்லை. ஆண்டையின் மனமாற்றமும் ஓர் அற்புதத்தின் விளைவே தவிர நியாயத்தின் விளைவு அன்று. இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் பலர் இதனைச் சுட்டியுள்ளனர், அது தவறன்று. எனினும் கோயில் வாயிலுக்கு வெளியே நின்று, அருகே வரலாமா என்று நந்தன் கேட்கும் மாஞ்சி இராகக் கீர்த்தனையைக் கேட்ட கூட்டத்தில் ஆண்டைகளும் இருந்தனர், எட்டி நின்ற ஆட்களும் இருந்தனர் என்பதை மறந்து அந்நூலை அச்சுப் பக்கத்தில் மட்டும் படிப்பது முழுமையான வாசிப்பு ஆகாது.

பாரதியார் இதனைப் பாடிய செய்தி பரவியது. காரைக்காலில் அதிகாரியாக இருந்த சிசே என்ற பிரெஞ்சுக்காரர் கேட்டு மகிழ்ந்து அச்சிட முன்வந்தார். ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழ்ந்த ஒரு பாடகரின் தமிழ்நூலைப் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அச்சேற்றியது தமிழ் அச்சு வரலாற்றில் தனியே ஆராயத்தக்க நிகழ்ச்சி.

சிறப்புப்பாயிரம்

அச்சிடும் நூலுக்குப் பெரும்புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் வேண்டும் என்பது அக்கால வழக்கம். பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடினார். பிள்ளையவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய தயக்கத்துக்குக் காரணங்கள் இரண்டு. நூலில் இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தன. பெரியபுராண வரலாறு மாற்றப்பட்டிருந்தது. இரண்டாவது காரணத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. பெரியபுராணத்தைத் தெய்வ நூலாகப் போற்றிப் பாடஞ்சொல்லி வந்தவர் அவர். அந்நூல் சொல்லாத ஓர் ஆண்டையை அதற்குள் புகுத்தியதை அவர் ஏற்றிருக்க இயலாது.

பாரதியார் பன்முறை வந்தார். பிள்ளையவர்கள் ஏதேனும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் நண்பகலில் பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வுகொண்டிருந்த வேளையில் பாரதியார் திண்ணையில் அமர்ந்து, தம் நந்தன் கீர்த்தனைகளைத் தமக்குத்தாமே பாடத் தொடங்கினார். உள்ளே இருந்தவர் கேட்டார். பாட்டில் தோய்ந்து உருகியவர், அவரை இத்தனை நாள் அலைக்கழித்ததற்கு வருந்திப் பாயிரம் பாடிக் கொடுத்தார். இந்நிகழ்ச்சியைத் தமிழுலகுக்கு அறிவித்தவர் பிள்ளையவர்களின் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர்.

புலமை பக்திக்குப் பணிந்தது என்று இதற்குப் பொருள்கொள்வது வழக்கம். நிகழ்ச்சி அதைவிட நுட்பமானது. ஏட்டில் படித்தபோது பிழையாகத் தோன்றியது, பாடக் கேட்டபோது பிழையாகத் தோன்றவில்லை. கீர்த்தனையின் சொல் தாளத்துக்குள் நிற்பது. அசை நீட்டமும் குறுக்கமும் பேச்சுவழக்கின் திரிபும் அங்கே பிழைகள் அல்ல, வாய்ப்பாட்டின் இயல்புகள். யமகமும் திரிபும் தலபுராணமும் எழுதிய பெரும்புலவர் அதனை உணர்ந்தது செவியால். பிள்ளையவர்கள் தம் இலக்கணக் கொள்கையை மாற்றிக்கொண்டார் என்பதற்கு இப்பாயிரம் சான்று ஆகாது. பத்தாண்டுகளுக்குப் பின் நடந்த மற்றொரு நிகழ்ச்சி அதனைக் காட்டுகிறது.

பாடம் சொல்லுதல்

1871இல் பதினாறு வயது நிரம்பிய சாமிநாதையர் பிள்ளையவர்களிடம் தமிழ் கற்க மாயூரம் வந்தார். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்து இசை பயின்றவர்; கிருஷ்ணையர் அவர்களுக்கு உறவினரும் ஆவார். கிருஷ்ணையரிடம் தாமும் கேட்டுக் கற்ற பாரதியாருக்கு இச்சிறுவர் அந்நியர் அல்லர். தமிழ்க் கல்வியோடு இசைப் பயிற்சியும் கைவிட்டுப் போகாதிருக்க வேண்டுமென்று தந்தையார் விரும்பினார். பாரதியாரும் இசைந்தார்.

அக்காலத்து இசைப்பாடத்தில் ஏடும் சுரக்குறிப்பும் முதன்மை பெறவில்லை. ஆசிரியர் ஓர் அடியைப் பாடுவார். மாணாக்கர் திருப்பிப் பாடுவார். வழுவினால் மீண்டும் பாடுவார். சங்கதிகள் மாணாக்கரின் தொண்டையில் ஏறிய பின்னரே அடுத்த அடி. பாடாந்தரம் என்ற சொல்லே இந்த முறையைக் குறிக்கும். இயற்றியவரே பாடம் சொல்லும் வாய்ப்பு எல்லா மாணாக்கருக்கும் கிட்டுவதில்லை, சாமிநாதையருக்குக் கிட்டியது. மாயூரத்தில் இயற்றமிழுக்கு ஓர் ஆசிரியரும் இசைத்தமிழுக்கு ஓர் ஆசிரியருமாக அவர் கற்றுவந்த அக்காலம் நீண்டிருந்தால் தமிழ் ஆராய்ச்சியின் போக்கே சற்று வேறாக இருந்திருக்கக் கூடும்.

நீளவில்லை. மாணாக்கர் தம்மிடம் இசை பயில்வதைப் பாரதியாரே பேச்சுவாக்கில் பிள்ளையவர்களிடம் குறிப்பிட்டார். அதுவரை பிள்ளையவர்கள் அதை அறிந்திருக்கவில்லை. இசையில் மிகுதியாகப் பழகினால் இலக்கண இலக்கியங்களில் கருத்து ஆழமாகச் செல்லாது என்று அவர் மாணாக்கரிடம் சொன்னார். சாமிநாதையர் அன்றோடு இசைப்பாடத்தை நிறுத்திக்கொண்டார். ஒருகாலத்தில் திண்ணைப் பாட்டுக்கு உருகிய அதே ஆசிரியர், தம் மாணாக்கர் அப்பாட்டைக் கற்பதை விரும்பவில்லை. பாரதியார் இதனால் சினங்கொண்டதாகச் செய்தி இல்லை. ஒரு வீட்டுப் பாடம் போனால் மற்றொன்று வரும் என்பது அத்தொழிலில் பழகிய ஒன்று. ஆயினும் தம் ஆசான் வழியில் வந்த குடும்பத்துப் பிள்ளை பாதியில் நின்றது அவருக்குச் சிறிய இழப்பாக இருந்திருக்க முடியாது.

இதில் ஒரு முரண் உண்டு. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் செய்யுள்களைப் படித்துக் காட்டும் நிலை வந்தபோது, இசையில் ஈடுபாடு மிக்க தேசிகர் அவற்றை இராகத்தோடு படிக்கும்படி சாமிநாதையரிடம் விரும்பிக் கேட்டார். தடுக்கப்பட்ட பயிற்சியே அவரைத் தேசிகரின் அன்புக்கு உரியவராக்கிய தகுதிகளுள் ஒன்றாயிற்று.

மாயூரத்துப் பிற்காலம்

மாயூரத்தில் பாரதியார் பழகிய வட்டத்தில் மாவட்ட முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையும் ஒருவர். அவரும் ‘சர்வசமய சமரசக் கீர்த்தனை’ இயற்றியவர். தாதுவருடப் பஞ்சத்தின்போது வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு உணவளித்தார். அதைப் போற்றிப் பாரதியார் ஒரு கீர்த்தனை பாடினார். சிவனையும் அடியார்களையும் பாடிய வாயால் ஒரு கிறித்தவ நீதிபதியை அவர் பாடினார். சம்மானம் கருதி மனிதரைப் பாடும் வழக்கம் மலிந்த காலத்தில், பசித்தவர்க்குச் சோறிட்டதற்காக ஒருவரைப் பாடியது குறிக்கத்தக்கது.

திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்காலம்மையார் சரித்திரங்களையும் அவர் கீர்த்தனைகளாக இயற்றினார். அவற்றுள் எதுவும் நந்தனார் சரித்திரம் பெற்ற பரவலைப் பெறவில்லை. பாரதியார் வாழ்ந்த காலத்திலேயே அது அவர் கையைவிட்டுப் பாகவதர்களின் உடைமையாகிவிட்டது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராட்டிய கீர்த்தன முறையையும் இணைத்து ஹரிகதையை வளர்த்தபோது, அவர் புகழுக்குத் துணைநின்ற கதைகளுள் நந்தனார் சரித்திரம் முதன்மையானது. சுதேசி இயக்கக் காலத்தில் சுப்பிரமணிய பாரதி தம் அரசியல் பாடல்கள் சிலவற்றுக்கு நந்தன் பாடல்களின் மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். கேட்போர்க்கு மெட்டு முன்னரே தெரிந்திருந்ததால் புதிய பொருள் எளிதில் சென்று சேர்ந்தது. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்தனர்.

கோபாலகிருஷ்ண பாரதியார் 1896இல், எண்பத்தைந்து வயதளவில், சிவராத்திரி நாளில் காலமானார். மாயூரத்தில் அவரிடம் பாடத்தைப் பாதியில் நிறுத்திய மாணாக்கர் அதற்குள் ‘சீவகசிந்தாமணி’, ‘பத்துப்பாட்டு’, ‘சிலப்பதிகாரம்’, ‘புறநானூறு’ ஆகியவற்றைப் பதிப்பித்திருந்தார். தம் எண்பதாம் வயதை ஒட்டி அவர் மூன்று இசைவாணர்களின் வரலாறுகளைத் தனித்தனி நூலாக எழுதினார். ஒருவர் கனம் கிருஷ்ணையர். மற்றொருவர் மகா வைத்தியநாதையர். இன்னொருவர் கோபாலகிருஷ்ண பாரதியார்.